நானோ நொடி மின்துடிப்பும் உயிருள்ள செல்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிகக் குறுகிய மின்துடிப்பு என்கிறார்களே, எவ்வளவு குறுகியது?

ஒரு நொடியை நூறு கோடிப் பங்காகப் போட்டால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோ நொடி. உயிருள்ள செல்களுக்கு இப்படிக் குறுகிய மின்துடிப்பு கொடுத்து அவற்றின் சவ்வில் துளை போடுவது ஓர் ஆய்வுத் துறை. அதில் புழங்கும் துடிப்புகள் பெரும்பாலும் சில நானோ நொடியிலிருந்து 300 நானோ நொடி வரை நீடிப்பவை. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் ஒரு அரைச்சுற்றுக்கு 10 மில்லி நொடி ஆகும். அந்த ஒரு அரைச்சுற்றுக்குள் 10 நானோ நொடித் துடிப்புகள் பத்து லட்சம் அடங்கிவிடும்.

நேரம் சிறியது, ஆனால் மின்புலம் மிகப் பெரியது. சென்டிமீட்டருக்கு 10 ஆயிரம் வோல்ட்டில் ஆரம்பித்து, சில ஆய்வுகளில் 1 லட்சம் வோல்ட்டையும் தாண்டுகிறது. காற்றில் சென்டிமீட்டருக்கு 30 ஆயிரம் வோல்ட் வந்தாலே பொறி பறந்துவிடும். உப்புத் தண்ணீரில் மிதக்கும் செல்களுக்கு இவ்வளவு கொடுக்க முடிவதற்குக் காரணம், பொறி உருவாவதற்குள் துடிப்பு முடிந்துவிடுவதுதான்.

அவ்வளவு வோல்ட் கொடுத்தால் செல் வெந்துவிடாதா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஆய்வகத்தில் கியூவெட் என்று ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பி உண்டு. உள்ளே எதிரெதிராக இரண்டு அலுமினியத் தகடுகள், நடுவில் 1 மில்லிமீட்டர் இடைவெளி. அதில் 0.1 மில்லிலிட்டர் செல் கலவையை ஊற்றி, சென்டிமீட்டருக்கு 40 ஆயிரம் வோல்ட் என்ற கணக்கில் 10 நானோ நொடித் துடிப்பு ஒன்று கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். 1 மில்லிமீட்டர்தான் இடைவெளி என்பதால் 4 ஆயிரம் வோல்ட் போதும். உப்புக் கரைசலின் மின்தடை அந்த வடிவத்தில் 10 ஓம் அளவுக்கு இருக்கும். ஆக, பாயும் மின்னோட்டம் 400 ஆம்பியர். திறன் 16 லட்சம் வாட், அதாவது 1.6 மெகாவாட்.

பயமாகத்தான் இருக்கும். ஆனால் அது நீடிப்பது 10 நானோ நொடி மட்டுமே. பெருக்கிப் பார்த்தால் மொத்த ஆற்றல் 16 மில்லி ஜூல். அந்தக் கலவையின் வெப்பநிலை இதனால் ஒரு டிகிரியில் 4 சதவீதம், அதாவது 0.04 டிகிரி, கூடும். அவ்வளவுதான். துடிப்பு நீளமாக இருந்தாலோ, அடுத்தடுத்து வேகமாகக் கொடுத்தாலோ சூடு சேரும்; அதனால்தான் துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி விடுகிறார்கள். எனவே செல்லுக்கு ஏதாவது ஆனால், அதற்குப் பொறுப்பு சூடு அல்ல, மின்புலம்தான்.

மின்புலம் செல்லின் எந்த இடத்தில் வேலை செய்கிறது?

சவ்வில். செல்லைச் சுற்றியிருக்கும் கொழுப்புப் படலம் சுமார் 5 நானோமீட்டர் தடிமன். அது மின்சாரத்தைக் கடத்தாது. உள்ளேயும் வெளியேயும் இருக்கும் உப்பு நீர் நன்றாகக் கடத்தும். இரண்டு கடத்திகள், நடுவில் ஒரு காப்புப் படலம். சீலிங் ஃபேனில் இருக்கும் கண்டன்சரும் இதே கட்டமைப்புதான். சவ்வின் மின்தேக்கத் திறன் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோ ஃபாரட். ஃபேனில் போடும் 2.5 மைக்ரோ ஃபாரட் கண்டன்சருக்கு ஈடாக இரண்டரை சதுர சென்டிமீட்டர் செல் சவ்வு போதும்.

சும்மா இருக்கும்போதே இந்தச் சவ்வு பெரிய மின்புலத்தைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு நரம்புச் செல்லின் ஓய்வு மின்னழுத்தம் சுமார் 70 மில்லி வோல்ட். கேட்கச் சின்னதாகத் தெரியும். அதை 5 நானோமீட்டரால் வகுத்துப் பாருங்கள்: சென்டிமீட்டருக்கு 1 லட்சத்து 40 ஆயிரம் வோல்ட்! இயல்பான நாளிலேயே இந்த நிலை. வெளியிலிருந்து மின்புலம் வந்தால் சவ்வின் இருபுறமும் மின்னூட்டம் இன்னும் குவிகிறது. அழுத்தம் அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறும்போது கொழுப்பு மூலக்கூறுகளின் வரிசை குலைந்து, இடையில் தண்ணீர் புகுந்து, துளை விழுகிறது. இதற்குத்தான் எலெக்ட்ரோபொரேஷன் என்று பெயர்.

துடிப்பின் நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்?

கண்டன்சர் நிரம்ப நேரம் ஆகும் என்பதால். 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு செல், உடலின் திரவத்தைப் போன்ற உப்பு நீரில் இருந்தால், சவ்வு நிரம்பும் கால அளவு சுமார் 70 நானோ நொடி. செல் பெரிதானால் கூடும். சுற்றியுள்ள திரவம் குறைவாகக் கடத்தினாலும் கூடும்.

துடிப்பு 100 மைக்ரோ நொடி, அதாவது ஒரு லட்சம் நானோ நொடி, நீடித்தால், அதன் ஆரம்பத்திலேயே வெளிச்சவ்வு நிரம்பிவிடுகிறது. நிரம்பிய சவ்வு வெளி மின்புலத்தை உள்ளே விடாது, அது ஒரு கவசம். செல்லின் உட்பகுதிக்கு வெளியே நடப்பது தெரியவே தெரியாது. ஆனால் துடிப்பே 10 நானோ நொடிதான் என்றால், அந்தக் கவசம் உருவாக நேரம் இல்லை. மின்புலம் நேராக உள்ளே போகிறது. கரு, மைட்டோகாண்ட்ரியா, எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்று செல்லுக்குள் இருக்கும் உறுப்புகள் எல்லாவற்றுக்கும் சொந்தமாகச் சவ்வு உண்டு. அவையும் அந்தப் புலத்தை உணர்கின்றன.

2001-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், நார்ஃபோக் நகரில் உள்ள ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகத்தின் கார்ல் ஷோன்பாக், அதே நகரின் ஈஸ்டர்ன் வர்ஜீனியா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஸ்டீஃபன் பீபி, ஸ்டீஃபன் பூஷர் ஆகியோர் இதைக் காட்டினார்கள். இயோசினோஃபில் என்ற வெள்ளையணுக்களுக்குள் சிறு துகள்கள் நிறைய உண்டு. 60 நானோ நொடித் துடிப்புகள் கொடுத்தபோது அந்தத் துகள்களின் சவ்வு உடைந்தது. செல்லின் வெளிச்சவ்வோ நிரந்தரமாகக் கெடவில்லை.

அப்படியானால் “வெளிச்சவ்வைத் தொடாமல் உள்ளே மட்டும் தாக்கும்” என்று சொல்வது சரியா?

பாதி சரி. என் கணிப்பில் இந்தத் துறையைப் பற்றி எழுதப்படுவதில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இந்த வரிதான்.

மேலே சொன்ன அதே செல்லுக்கு அதே சென்டிமீட்டருக்கு 40 ஆயிரம் வோல்ட் கொடுங்கள். சவ்வு முழுதாக நிரம்ப நேரம் கிடைத்தால், சூத்திரப்படி அதன் மேல் 30 வோல்ட் ஏற வேண்டும். 10 நானோ நொடியில் அதில் ஏழில் ஒரு பங்குதான் ஏறும் என்று வைத்தாலும் 4 வோல்ட் வருகிறது. ஒரு வோல்ட்டுக்கே துளை விழும் சவ்வு, 4 வோல்ட்டை எப்படித் தாங்கும்? தாங்காது. அந்த அளவை எட்டும் முன்பே வெளிச்சவ்விலும் துளை விழுந்துவிடும். கணினியில் மூலக்கூறு இயக்கத்தைப் போட்டுப் பார்த்தவர்களும், வலுவான புலத்தில் சில நானோ நொடிகளுக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் கோடுபோல் வரிசைகட்டிக் கொழுப்புப் படலத்தைக் கடந்துவிடுவதைப் பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம் ஏன் ஆரம்பத்தில் வெளிச்சவ்வு தப்பித்தது என்று நினைத்தார்கள்? சோதித்த விதம் அப்படி. சவ்வு உடைந்ததா என்று பார்க்க வழக்கமாக புரோப்பிடியம் அயோடைடு என்ற சாயத்தைப் போடுவார்கள். சவ்வில் ஓட்டை இருந்தால் சாயம் உள்ளே போய்க் கரு சிவப்பாக ஒளிரும். நானோ நொடித் துடிப்புக்குப் பிறகு பல செல்கள் சிவக்கவில்லை, ஆகவே ஓட்டை இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். பின்னர் ஆண்ட்ரே பகோமோவ் குழுவினர் செல்லின் சவ்வு வழியாக மின்னோட்டத்தையே நேரடியாக அளந்தார்கள். சாயம் நுழையாத செல்லிலும் அயனிகள் தாராளமாகக் கசிந்துகொண்டிருந்தன! துளைகள் இருக்கின்றன, ஒன்று, ஒன்றரை நானோமீட்டர் அகலம்தான் என்பதால் சாய மூலக்கூறு புக முடியவில்லை. இந்தத் துளைகள் உடனே மூடிக்கொள்வதும் இல்லை, நிமிடக்கணக்கில் திறந்திருக்கின்றன. துடிப்பு நீடித்த நேரத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு நீண்ட காலம் என்று யோசியுங்கள்.

ஆக, நீளமான துடிப்பு சவ்வின் இரு முனைகளில் சில பெரிய துளைகளைப் போடுகிறது. நானோ நொடித் துடிப்பு சவ்வு முழுக்க, உள்ளேயும் வெளியேயும், மிகச் சிறிய துளைகளை ஏராளமாகப் போடுகிறது. “உள்ளே மட்டும்” என்பதைவிட “உள்ளேயும்” என்று சொல்வதுதான் பொருந்தும்.

துளை விழுந்தபின் செல்லுக்குள் என்ன நடக்கிறது?

முதலில் கால்சியம். செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியத்தின் அடர்த்தி, உள்ளே இருப்பதைவிடப் பத்தாயிரம் மடங்கு அதிகம். இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பாற்றத்தான் செல் ஓயாமல் பம்ப் ஓட்டிக்கொண்டிருக்கிறது. துளை விழுந்ததும் வெளியிலிருந்து கால்சியம் கொட்டுகிறது. எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தில் சேமித்து வைத்திருந்ததும் வெளியே வருகிறது.

நுண்ணோக்கியில் இதைப் பார்ப்பது ஒரு தனி அனுபவம். கால்சியம் பட்டால் பச்சையாக ஒளிரும் சாயத்தைச் செல்களில் ஏற்றி, மயிரிழை போன்ற இரண்டு டங்ஸ்டன் கம்பிகளைச் செல்லின் இருபுறமும் இறக்கி வைக்கிறார்கள். திரையில் மங்கலான வட்டங்கள். துடிப்பு போகும்போது எதுவும் அசையாது, சத்தமும் இல்லை. ஆனால் கேமராவின் அடுத்த படத்தில் கம்பிகளுக்கு நடுவே இருக்கும் செல்கள் மட்டும் பளிச்சென்று எரிகின்றன. சற்றுத் தள்ளியிருக்கும் செல் பழையபடி மங்கலாகவே இருக்கிறது.

அடுத்து வீக்கம். சிறிய அயனிகள் உள்ளே வரலாம், ஆனால் செல்லுக்குள் இருக்கும் பெரிய புரதங்கள் வெளியே போக முடியாது. அதனால் தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டுச் செல் உப்புகிறது, ஓரத்தில் குமிழ் குமிழாகப் புடைக்கிறது. வெளித்திரவத்தில் சர்க்கரை, அதாவது சுக்ரோஸ், சேர்த்தால் வீக்கம் நின்றுவிடும். சுக்ரோஸ் மூலக்கூறு அந்தத் துளைக்குள் போகாத அளவு பெரியது. துளை எவ்வளவு சிறியது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

இன்னொன்றும் நடக்கிறது. பாஸ்ஃபாடிடைல்செரின் என்ற கொழுப்பு எப்போதும் சவ்வின் உட்பக்கத்தில்தான் இருக்கும். தாமஸ் வெர்னியர் குழுவினர் 2003 வாக்கில் காட்டியபடி, நானோ நொடித் துடிப்புக்குப் பிறகு அது வெளிப்பக்கம் திரும்பிவிடுகிறது. வெளியே தெரியும் இந்தக் கொழுப்பு, “என்னை எடுத்துக்கொள்” என்று துப்புரவுச் செல்களுக்குச் செல் காட்டும் அடையாளம்.

செல் கண்டிப்பாகச் செத்துவிடுமா?

இல்லை. ஒன்றிரண்டு துடிப்போடு நிறுத்தினால் பெரும்பாலான செல்கள் துளையை அடைத்துக்கொண்டு பிழைத்துவிடும். எண்ணிக்கையும் புலமும் கூடக்கூடத்தான் சாவு. எப்படிச் சாகிறது என்பதும் ஒரே மாதிரி இல்லை. சில செல்கள் தாமாகவே திட்டமிட்டு முடித்துக்கொள்கின்றன, இது அப்போப்டோசிஸ். சில செல்கள் வீங்கி வெடிக்கின்றன, இது நெக்ரோசிஸ். வெளியே கால்சியம் இருந்தால் நெக்ரோசிஸ் பக்கம் சாய்கிறது. சுக்ரோஸ் போட்டு வீக்கத்தைத் தடுத்தால் அதே செல்கள் அப்போப்டோசிஸ் வழியில் போகின்றன.

செல்லின் ரகமும் முக்கியம். ஜுர்காட், யு-937 போன்று திரவத்தில் மிதந்து வளரும் ரத்தப் புற்றுச் செல்கள் சீக்கிரம் விழுந்துவிடுகின்றன. கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்த ஹீலா செல்கள் அதே அளவுத் துடிப்புக்குப் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை.

புற்றுநோய்க்கு மருந்தாகுமா?

“மின்சாரம் பாய்ச்சிப் புற்றுநோயை விரட்டலாம்” என்ற தலைப்பில் செய்தி வந்தால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இதுவரை உறுதியாகத் தெரிந்தது இது.

2006-இல் ரிச்சர்ட் நுச்சிடெல்லி குழுவினர் எலிகளின் தோலில் வளர்ந்த மெலனோமா என்ற தோல் புற்றுக் கட்டிகளுக்கு 300 நானோ நொடித் துடிப்புகள் கொடுத்தார்கள். எல்லாத் துடிப்புகளையும் கூட்டினால் மொத்த நேரம் 120 மைக்ரோ நொடி. இரண்டே வாரத்தில் கட்டிகள் 90 சதவீதம் சுருங்கின. செல்களின் கரு சட்டென்று சுருங்கியது, கட்டிக்குள் ரத்த ஓட்டம் நின்றது. வெப்பநிலை 3 டிகிரிதான் கூடியது. 2014-இல் மனிதர்களிடம் நடந்த முதல் சோதனையில் பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்று 10 இடங்களில் சிகிச்சை பெற்றது. 7 இடங்களில் புற்றுச்செல் மிச்சம் இல்லை. நல்ல ஆரம்பம்தான், ஆனால் 10 என்பது மிகச் சிறிய எண்.

துடிப்பு புற்றுச்செல்லைத் தேடிப்பிடித்து அடிக்காது. மின்முனைகளுக்கு நடுவே எது இருந்தாலும் அடிபடும், நல்ல செல் உட்பட. தேர்ந்தெடுப்பது மின்முனை ஊசியை எங்கே குத்துகிறோம் என்பதுதான். சூடு வைத்துக் கருக்கும் முறையோடு ஒப்பிட்டால் ஒரு உண்மையான லாபம் உண்டு. செல் சாகிறது, ஆனால் செல்களைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் சட்டகம் பெரும்பாலும் தப்பிக்கிறது. கட்டியை இப்படி அழித்தபின் நோயெதிர்ப்பு மண்டலம் அதை நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதும் விலங்குகளில் தெரிந்திருக்கிறது: கல்லீரல் கட்டி குணமான எலிகளுக்கு அதே செல்களை மறுபடி செலுத்தியபோது கட்டி வளரவில்லை. எனக்கு இந்தத் துறையில் அதிக ஆவலைத் தருவது இந்தப் பகுதிதான். மனிதர்களிடம் இதே பலன் கிடைக்கும் என்று சொல்ல இப்போதைக்கு ஆதாரம் போதாது.

மருத்துவமனையில் “நானோநைஃப்” என்றார்கள். அது இதுதானா?

பெயரில்தான் நானோ. கட்டியை மின்துடிப்பால் அழிக்கும் அந்தக் கருவியின் துடிப்புகள் 100 மைக்ரோ நொடி அளவிலானவை, அதாவது நானோ நொடித் துடிப்பைவிடச் சில நூறு மடங்கிலிருந்து பத்தாயிரம் மடங்குக்கு மேலும் நீளமானவை. இதயத்துடிப்புக் கோளாறுக்குச் செய்யும் பல்ஸ்டு ஃபீல்டு அப்லேஷன் முறையில், 2023 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் இரண்டு கருவிகளும் மைக்ரோ நொடி வகைதான். ப்ளியோமைசின் என்ற புற்றுநோய் மருந்தைச் செலுத்திவிட்டுத் துடிப்பு கொடுக்கும் எலெக்ட்ரோகீமோதெரப்பியும் அப்படியே.

நானோ நொடித் துடிப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது கலிஃபோர்னியாவின் பல்ஸ் பயோசயன்சஸ் நிறுவனம். செல்எஃப்எக்ஸ் என்ற அதன் தோல் சிகிச்சைக் கருவிக்கு 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் இதயச் சிகிச்சைப் பக்கம் திரும்பிவிட்டது.

வலிக்குமா?

தோல் சிகிச்சையில் மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் செய்தார்கள். அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

இந்த யோசனை எப்படி வந்தது?

மருத்துவத்திலிருந்து வரவில்லை. ஷோன்பாக் மின்பொறி, வாயு மின்னிறக்கம் ஆகியவற்றில் வேலை செய்தவர். 1990-களில் அவர் குழு பார்த்த வேலைகளில் ஒன்று, குளிரூட்டுவதற்காகக் கடல்நீர் ஓடும் குழாய்களில் உயிரினங்கள் ஒட்டி அடைப்பதை மின்துடிப்பால் தடுப்பது. அங்கிருந்துதான் செல்லுக்குள் போனார்கள்.

கருவியின் பூர்வீகம் இன்னும் சுவாரசியமானது. அலன் ப்ளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இரண்டாம் உலகப்போரில் ரேடாருக்காக ஒரு துடிப்புச் சுற்றை வடிவமைத்தார். (ஸ்டீரியோ ஒலிப்பதிவும் அவர் கைவண்ணமே. 1942-இல் ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து இறந்தார், வயது 38.) அந்தச் சுற்றில் துடிப்பின் நீளத்தை முடிவு செய்வது கேபிளின் நீளம். மின் அலை கோஆக்சியல் கேபிளில் நானோ நொடிக்கு 20 சென்டிமீட்டர் போகும். போய்த் திரும்ப வேண்டும் என்பதால் 1 மீட்டர் கேபிளுக்கு 10 நானோ நொடித் துடிப்பு கிடைக்கும். கேபிளை வெட்டினால் துடிப்பு குறையும். இவ்வளவு எளிமையான ஒரு விதியைச் செல் உயிரியல் ஆய்வகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

துடிப்பின் திசையைத் திருப்பினால் விளைவு இரட்டிப்பாகுமா?

அப்படித்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு. ஒரு துடிப்பு கொடுத்து, உடனே அதே அளவில் எதிர்த்திசையில் இன்னொன்று கொடுத்தால் விளைவு கூடவில்லை, குறைந்தது. இரண்டு மடங்கு ஆற்றல் செலவாகியும் கால்சியம் குறைவாகவே உள்ளே வந்தது, செல்களும் குறைவாகவே செத்தன. பகோமோவ் குழு 2014-இல் இதை வெளியிட்டது. முதல் துடிப்பு சவ்வில் ஏற்றிய மின்னூட்டத்தை இரண்டாவது இறக்கிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். அதோடு கதை முடிந்துவிடவில்லை. மைக்ரோ நொடி இடைவெளி விட்டு எதிர்த்துடிப்பு வந்தாலும் ஓரளவு ரத்தாகிறது. அதற்குள் சவ்வின் மின்னூட்டம் தானாகவே இறங்கியிருக்க வேண்டுமே!

இதை வைத்து ஒரு தந்திரமும் யோசித்திருக்கிறார்கள். இரண்டு ஜோடி மின்முனைகளிலிருந்தும் இருதிசைத் துடிப்புகளைக் கொடுப்பது. அவை சந்திக்கும் இடத்தில் மட்டும் எதிர்ப்பாதி அடிபட்டு ஒற்றைத் துடிப்பு மிஞ்சும். அப்படியானால் மின்முனையருகே பாதிப்பு குறைந்து, தள்ளியிருக்கும் நடுப்பகுதியில் விளைவு கூட வேண்டும்.

செல்போன் டவரும் செல்லை இப்படித் துளைக்குமா?

துளைக்காது. செல்போன் அலைகளுக்குப் பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு, அலைவரிசையைப் பொறுத்து, மீட்டருக்குச் சில பத்து வோல்ட். இங்கே பேசுவது மீட்டருக்கு 40 லட்சம் வோல்ட். இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசும் வாட்ஸ்அப் தகவல்களை நம்ப வேண்டாம்.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று நம்மூரில் சொல்வதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

ஜப்பானிலும் இதே நம்பிக்கை உண்டு. அங்கே இவாத்தே பல்கலைக்கழகத்தில் கொய்ச்சி தகாகி குழுவினர் ஷீட்டாகே காளான் வளரும் மரக்கட்டைகளுக்கு உயர் மின்னழுத்தத் துடிப்பு கொடுத்துப் பார்த்தார்கள், விளைச்சல் கூடியது. காளான் இழைகள் துடிப்பில் அசைந்து அறுபடுவது ஒரு தூண்டுதலாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இதனால் நம் மழைக்காலக் காளானுக்கும் இடிதான் காரணம் என்று ஆகிவிடாது. இடியோடு சேர்ந்து மழையும் வருகிறதே.

கொசு பேட்டைப் பிரித்து வீட்டில் சோதனை செய்யலாமா?

வேண்டாம். கொசு பேட்டில் வோல்ட் ஆயிரக்கணக்கில் இருப்பது உண்மைதான், ஆனால் அது நானோ நொடித் துடிப்பு தரும் கருவி அல்ல. கொசு அதில் பொறியில் கருகித்தான் சாகிறது. நானோ நொடியில் தொடங்கி நானோ நொடியில் நிற்கும் சுவிட்ச்தான் இந்தத் துறையின் விலையுயர்ந்த பாகம், அது கடையில் கிடைப்பதில்லை. ஆய்வகத்தில்கூட துடிப்பு சரியாகப் போனதா என்று ஒவ்வொரு முறையும் அலைவடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்ப்பார்கள். கம்பி ஒரு சாண் நீளமாக இருந்தாலே அலைவடிவம் கெட்டுவிடும். அதோடு, மின்தேக்கிகள் சுவிட்சை அணைத்தபின்னும் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். பயிற்சி பெற்றவர்களே தரைக்கம்பியால் தொட்டு இறக்கிய பிறகுதான் கை வைப்பார்கள்.